உங்களுக்குத் தெரியுமா? உருக்கைத் தாங்கும் செம்பு!

செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆனால் உருக்குப் பாளங்களை இடைவிடாமல் வார்த்தெடுக்கும் தொடர்வார்ப்பு ஆலைகளில் 1,500 டிகிரியைத் தாண்டிய உருக்குக் குழம்பை ஊற்றுவதே செம்பு அச்சுக்குள்தான்! சுவருக்குப் பின்னால் விரைந்து பாயும் தண்ணீர் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதால் அச்சு உருகுவதில்லை.

● அச்சை விட்டு இறங்கும்போது பாளத்தின் மேல்தோடு மட்டுமே இறுகியிருக்கும். அதன் கனம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான்; உள்ளே இன்னும் குழம்பு.

● தோடு அச்சில் ஒட்டிக் கிழிந்தால் குழம்பு பீறிட்டுக் கொட்டிவிடும். ஒட்டாமல் இருக்க அச்சு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். செம்புச் சுவரில் பதித்த வெப்ப உணரிகள் ஓரிடத்தில் சூடு சட்டென்று ஏறினால் காட்டிக்கொடுக்கும். உடனே வார்ப்பு வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

● அச்சுக்குக் கீழே, உருளைகளுக்கு நடுவே தண்ணீரைப் பீய்ச்சி ஆறவைப்பார்கள். அதிகமாக ஆறினாலும் ஆபத்து! வளைந்து வரும் பாளத்தை நிமிர்த்தும் இடத்தில் மேற்பரப்புச் சூடு சுமார் 700 முதல் 900 டிகிரிக்குள் இருந்தால், பல வகை உருக்குகளில் வெடிப்பு விழும்.

● பாளத்தின் மூலைகள் இரண்டு பக்கமும் வெப்பத்தை இழப்பதால் முதலில் ஆறிவிடும். அதனால் பல ஆலைகளில் ஓரங்களுக்கு மட்டும் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள்.