கோபுரத்தின்மேல் எழுந்த ஐயம்

ஊரிலே கையடக்கத் தொலைபேசிக் கோபுரம் ஒன்று எழப்போகிறது என்றதும் புற்றுநோய் பற்றிய அச்சமும் உடன் எழுகின்றது. 'கதிர்வீச்சு' என்னும் ஒரே சொல் அணுகுண்டுக்கும் வானொலிக்கும் பொதுவாய் வழங்குவதே இம்மயக்கத்திற்கு முதற்காரணம். அணுவினின்று இலத்திரனைப் பிரித்தெறியும் ஆற்றல் எக்ஸ் கதிர்களுக்கு உண்டு. தொலைபேசி அலைகளுக்கு இல்லை. விளக்கொளியின் அதிர்வெண் அவற்றினும் இலட்சம் மடங்கு மிகுந்தது. விளக்கைக் கண்டு அஞ்சுவார் யார்? இப்பேச்சை நேயர்களின் இல்லங்களுக்குக் கொணர்வதும் அவ்வினத்து அலையே.

2011ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, இவ்வலைகளைப் 'புற்றுநோய் விளைக்கக்கூடியவை' என்னும் வகுப்பிற் சேர்த்தது உண்மையே. ஆயின் அவ்வகுப்பு சான்றின் உறுதியைக் குறிப்பதன்றி ஆபத்தின் அளவைக் குறிப்பதன்று. ஆசியாவில் மரபாக ஊறவைத்து உண்ணும் காய்கறிகளும் அதில் உள. அந்நிறுவனம் பணித்து 2024இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

ஐயம் சினமாக மாறுவதும் உண்டு. கொரோனாவைப் பரப்புகின்றன என்று பழி கூறி, 2020இல் பிரித்தானியாவிற் பல கோபுரங்களுக்குத் தீயிட்டனர். பேர்மிங்காமில் கொரோனா நோயாளருக்கென அமைந்த மருத்துவமனைக்குத் தொடர்பளித்த கோபுரமும் தப்பவில்லை.

வேடிக்கை யாதெனில், பேசுவோர் தலையை அடையும் அலையிற் பெரும்பகுதி காதோடு ஒட்டிய கருவியினின்றே வருகின்றது. கோபுரம் அண்மையிலிருந்தால் கருவி தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும், தொலைவிலிருந்தால் கூட்டிக்கொள்ளும். ஊரார் எதிர்ப்பினாற் கோபுரம் அயலூருக்குப் போய்விடின், அவர்தம் காதருகே கருவி முன்னிலும் வலுவாக இயங்கும்.