குழாயில் பின்வாங்கும் நீர்



குழாயைத் திறந்தால் நீர் நம்மை நோக்கி வரும் என்பது நாம் பிறந்தது முதல் கண்டு பழகிய செய்தி. அந்நீர் நம்மை விட்டுப் பின்னோக்கியும் செல்லக்கூடும்; செல்லும்போது நம் வீட்டுத் தொட்டியில் உள்ள அழுக்கையும் உடன் இழுத்துப் போய் அடுத்த வீட்டாரின் குடத்தில் சேர்க்கக்கூடும். இதைச் சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அறியேன். நான் ஒரு காலத்தில் நம்பவில்லை. வகுப்பில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தவன் நம்பவில்லை என்பதுதான் வெட்கம். அதனால் ஒரு சிறுவனுக்கு அநீதியும் இழைத்தேன். அதைச் சொல்லித்தான் இப்பேச்சைத் தொடங்க வேண்டும்.

ஜவ்வாது மலையை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களிற் பரவிக் கிடப்பது. காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தைக் காணச் சுற்றுலா சென்றவர்களும் உங்களில் இருக்கலாம். விண்மீனைப் பார்க்கப் போகிறவர்கள் காலடி நிலத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாளைய குறை, அது நிற்க. சாமை விளையும் மேட்டு நிலங்களும், இடையிடையே பலாவும் புளியும், சரிவுகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த வீடுகளும் கொண்ட மலை அது. அங்கே சமதரை என்பது அருமை. ஒருவர் வீட்டுக் கூரையும் மற்றொருவர் வீட்டு வாசலும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

அம்மலையில் ஒரு விடுதிப் பள்ளியில் 1996-ஆம் ஆண்டு நான் தலைமையாசிரியப் பொறுப்பில் இருந்தேன். பள்ளிக்கு மேலே ஒரு குன்றின்மீது தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து இரும்புக் குழாய் ஒன்று சரிவில் இறங்கி, முதலில் சமையற்கட்டின் பின்புறத்துத் துவைகல்லுக்கு ஒரு கிளை கொடுத்து, பின்னர் நாற்பது படிகள் கீழே இறங்கி வகுப்பறைகளின் அருகே ஒரு குழாயில் முடியும். காலையில் இரண்டு மணி நேரம் தொட்டியின் வால்வைத் திறந்து வைத்து, எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.

குடியரசு நாள் விழாவுக்கு முந்திய நாள். கீழ்க்குழாயில் பிடித்து வைத்த மண்பானைத் தண்ணீர் நீல நிறமாய் இருக்கிறதென்று மாணவர்கள் ஓடி வந்து சொன்னார்கள். சென்று பார்த்தேன்; வானத்தின் நிறம். அன்று பானை நிறைக்கும் முறை யாருக்கு என்று கேட்டேன். ஏழாம் வகுப்பில் குறும்புக்குப் பெயர்போன ஒருவனைக் காட்டினார்கள். அவன் சட்டைப் பையில் மைப்பேனா இருந்தது. பைத்துணியில் மைக்கறையும் இருந்தது. எனக்கு அவ்வளவு சான்று போதுமாயிருந்தது.

"குழாயிலேயே அப்படித்தான் வந்தது, சார்" என்றான் அவன்.

"குழாய் எங்கேயாவது நீலத் தண்ணீர் விடுமா?" என்று கேட்டு, அவனை நண்பகல் வரை கொடிமரத்தடியில் நிற்க வைத்தேன்.

நண்பகலில் சமையற்கட்டுப் பக்கம் போனபோது, துணி துவைக்கும் அம்மாள் யாரையோ வைதுகொண்டிருந்தார். விழாவுக்கு வேண்டிய வெள்ளைச் சட்டைகளை முக்கி எடுக்க, காலையில் தொட்டி நிறையச் சலவை நீலம் கரைத்து வைத்தாராம். யாரோ பாதித் தண்ணீரைக் கொண்டுபோய்விட்டார்களாம். தொட்டியைப் பார்த்தேன். குழாயில் மாட்டிய ரப்பர்க் குழல் ஒன்று தொட்டியின் அடிவரை இறங்கி நீருள் கிடந்தது. குழாய் மூடப்படவில்லை.

அப்போதும் எனக்கு உடனே விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். தொட்டியை மீண்டும் நீல நீரால் நிறைக்கச் செய்தேன். குன்றின்மேல் ஆளனுப்பி வால்வைச் சிறிது திறந்து, குழாய் நிறைந்ததும் மூடச் சொன்னேன். பிறகு கொடிமரத்தடியில் நின்றவனை அழைத்துக் கீழ்க்குழாயைத் திறக்கச் சொன்னேன். முதலில் தெளிந்த நீர் வந்தது. மேலே, தொட்டியின் நீர்மட்டம் என் கண்ணெதிரே இறங்கத் தொடங்கிற்று. கீழேயிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. நீலம் வந்துவிட்டது.

மாலை வழிபாட்டுக் கூட்டத்தில் அச்சிறுவனிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டான்: "நீலம் போடாத நாளில் எப்படி, சார், தெரியும்?"

அக்கேள்விக்கு வருமுன் நடந்தது யாதென்று பார்த்துவிடுவோம். 1643-இல் இத்தாலி நாட்டு டாரிசெல்லி, காற்றின் அழுத்தம் 76 சென்டிமீட்டர் உயரமுள்ள பாதரசத்தைத் தாங்கும் என்று காட்டினார் அல்லவா? அதே அழுத்தம் நீரை ஏறத்தாழ 10.3 மீட்டர் உயரம் தாங்கும். ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டர் உயரத்தில், காற்று இலேசாகிவிடுவதால் ஒன்பதே கால் மீட்டர் அளவுக்குத் தாங்கும். மேலே வால்வை மூடிவிட்டுக் கீழே குழாயைத் திறந்தால், குழாயினுள் நிற்கும் நீர் தன் எடையால் கீழே இறங்கப் பார்க்கிறது. அது இறங்க இறங்க மேற்பகுதியில் வெற்றிடம் உண்டாகத் தலைப்படும். எங்கேனும் ஒரு வாய் காற்றில் திறந்திருந்தால் காற்று உள்ளே புகும், தீங்கில்லை. அந்த வாய் நீருக்குள் முழுகியிருந்தாலோ, வெளிக்காற்று தொட்டி நீரின்மேல் அழுத்தி அந்நீரையே குழாய்க்குள் தள்ளிவிடும். பெட்ரோல் விற்பவர் பீப்பாயில் குழல் இட்டு வாயால் உறிஞ்சி இறக்குவதைக் கண்டிருப்பீர்கள். அந்த சைபனைத்தான் எங்கள் பள்ளிக் குழாய் தானே அமைத்துக்கொண்டது. உறிஞ்சுவதற்கு ஒரு வாய் தேவைப்படவில்லை. நாற்பது படிகள் போதுமாயிருந்தன.

மலைவாழ்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. சமவெளியில் குழாய் நீருக்கு அழுத்தம் தரப் பெருஞ்செலவில் உயரத் தொட்டி கட்டுகிறோம். மலையில் சரிவே அவ்வேலையை இலவசமாகச் செய்கிறது. ஆனால் வால்வை மூடிய கணத்தில் அதே சரிவு எதிர்க்கட்சியிற் சேர்ந்துவிடுகிறது. மேல் வீட்டில் மாட்டுத்தொட்டியில் போட்ட குழல், காய்கறிக்கு மருந்தடிக்கும் பீப்பாயில் தொங்கவிட்ட குழல், இவை யாவும் கீழ்வீட்டுக் குடத்தோடு தொடர்புடையவை.

இனி, நீலமில்லாத நாள். 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் உள்ள ஹோலி கிராஸ் கல்லூரியில் கால்பந்தாட்ட அணியினர் ஆகஸ்டு மாத இறுதியில் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். அந்நாட்டவர் கையாலும் ஆடும் கால்பந்து அது. பயிற்சித் திடலின் குழாயில் நீர் குடித்தனர். அந்தக் குழாய் வழியில் புல்லுக்கு நீர் தெளிக்கும் வாய்கள் தரைக்குள் சிறு குழிகளில் பதிக்கப்பட்டிருந்தன. அக்குழிகளில் நீர் தேங்கும். அருகில் குடியிருந்த, மஞ்சட்காமாலை கண்ட குழந்தைகள் அவ்விடத்தில் விளையாடியிருந்தார்கள். ஒரு நாள் நகரில் எங்கோ ஒரு வீடு தீப்பற்றிற்று. தீயணைப்போர் குழாய்களிலிருந்து பெருமளவில் நீரை இழுத்தனர். திடலின் குழாயில் அழுத்தம் குன்றிற்று. குழியில் தேங்கிய நீர் உள்ளே உறிஞ்சப்பட்டது. நிறமில்லை, நாற்றமில்லை, யாரும் எதையும் காணவில்லை. ஏறத்தாழ ஒரு திங்கள் கழித்து, அணியிலும் பயிற்சியாளரிலும் இருந்த 97 பேரில் 90 பேருக்கு நோய்த்தொற்று என்று தெரியவந்தது. இரண்டு பந்தயங்களோடு அவ்வாண்டு ஆட்டமே நின்றுபோயிற்று. எங்கோ எரிந்த வீட்டுக்கும் இந்த இளைஞர்களின் கல்லீரலுக்கும் இடையே ஒரு குழாய் இருந்தது, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் கழிவுநீர் பின்வாங்கிய பெருநிகழ்ச்சி ஒன்று உண்டு. அது குழாயில் நிகழ்ந்ததன்று, ஆற்றில் நிகழ்ந்தது. தில்லி நகருக்கு வசீராபாத்தில் யமுனையிலிருந்து குடிநீர் எடுக்கிறார்கள். அதற்குக் கீழ்ப்புறமாக, நகரக் கழிவைச் சுமந்து வரும் நஜஃப்கர் கால்வாய் ஆற்றில் கலக்கிறது. 1955-ஆம் ஆண்டு வெள்ளம் வந்து வடிந்தபின் யமுனை தன் போக்கைச் சிறிது மாற்றிக்கொண்டது. கீழே போகவேண்டிய கழிவு நவம்பர் மாதத்தில் மேல்நோக்கி ஏறி, நீர் எடுக்கும் வாயையே எட்டிவிட்டது. நிலையத்தார் வாளாவிருக்கவில்லை, குளோரினைக் கூட்டிக் கலந்தனர். டிசம்பரில் மஞ்சட்காமாலை பரவத் தொடங்கி, ஏறக்குறைய 29,300 பேரைப் பற்றிற்று. கருவுற்ற பெண்களை அது கொடுமையாகத் தாக்கிற்று. வியப்பு என்னவெனில், அதே நாட்களில் டைபாய்டோ சீதபேதியோ மிகவில்லை. கூட்டிய குளோரின் பாக்டீரியங்களை வென்றது, வைரஸிடம் தோற்றது. அந்த வைரஸ் ஹெபடைட்டிஸ் ஈ என்பது, அன்று சேமித்து வைத்த இரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்த பின்பே தெளிவாயிற்று.

குழாயின் கடைசி முனையிலும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சி நிற்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நல்ல விதிதான். ஆயினும் அது எஞ்சிய காவலன் ஒருவனே. சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து வந்தபின், வீட்டு வாயிலில் புகும் ஒரு வாளி அழுக்கை அவன் ஒருவனால் தடுக்க இயலாது.

நம் ஊர்களில் இந்த ஆபத்தை நாமே வருவித்துக்கொள்ளும் வழிகள் பல. தெருக்குழாயில் நேரே மின்மோட்டார் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். உள்ளாட்சி மன்றங்கள் மோட்டாரைப் பறிமுதல் செய்கின்றன. மறுநாள் வேறு மோட்டார் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பங்கைத் திருடுவது மட்டுமன்று இதன் குற்றம். உறிஞ்சப்படும் குழாயில் அழுத்தம் காற்றழுத்தத்தினும் கீழே போகிறது. அக்குழாய் சாக்கடையைக் கடக்குமிடத்தில் ஓர் ஓட்டை இருந்தால், வெளியே கசிந்துகொண்டிருந்த ஓட்டை உள்ளே குடிக்கத் தொடங்கிவிடும். நாளில் சில மணி நேரமே நீர் விடும் ஊர்களில், மோட்டார் இல்லாமலே இது நிகழும். ஆதலின் நீர் விட்டவுடன் வரும் முதற்குடத்தைச் செடிக்கு ஊற்றும் பாட்டிமார் பௌதிகம் அறியாதவர் அல்லர்.

வேறொரு வழியும் உண்டு. ஆழ்துளைக் கிணற்றுக் குழாயையும் நகராட்சிக் குழாயையும் ஒன்றாய் இணைத்து நடுவே ஒரு வால்வு வைக்கிறார்கள். அந்த வால்வு தேய்ந்த அன்று, கிணற்று மோட்டாரின் வேகம் தெருக்குழாயின் அழுத்தத்தை வென்று, கிணற்று நீரைத் தெருவுக்கே ஊட்டும். இங்கே உறிஞ்சல் இல்லை, தள்ளல், விளைவு ஒன்றே.

தடுப்பதற்குக் கருவிகள் இருக்கின்றன. ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் வால்வைக் கடைகளில் 'நான்-ரிட்டர்ன் வால்வு' என்று கேட்டால் தருவார்கள். நல்லதே, ஆனால் அதன் நாக்கில் ஒரு மணல் சிக்கினாலும் அது முழுதும் மூடாது, மூடவில்லை என்று நமக்குத் தெரியவும் தெரியாது. வெற்றிடம் உண்டாகும்போது தானே திறந்து காற்றை உள்ளே விடும் அமைப்புகளும் உண்டு. தோட்டக் குழாய்களுக்கு ஏற்றவை. இவற்றையெல்லாம்விட நான் நம்புவது காற்றையே. குழாயின் வாய்க்கும் தொட்டிக்கும் நடுவே வெறும் இடைவெளி விட்டுவிட்டால் நீர் திரும்பிப் போக வழியில்லை. அந்த இடைவெளி குழாய் வாயின் குறுக்களவைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். எப்படியும் ஓர் அங்குலத்திற்குக் குறையலாகாது. அளக்கும்போது நீர்மட்டத்திலிருந்து அளக்காதீர்கள். தொட்டியின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். தொட்டி நிரம்பி வழியும் நாளிலும் இடைவெளி இருக்க வேண்டுமல்லவா? இதற்குத் தேயும் உறுப்பு இல்லை, சிக்கும் நாக்கு இல்லை, விலையும் இல்லை.

அன்று மாலையே துவைகல்லுக்குப் போய் ரப்பர்க் குழலைத் தொட்டி விளிம்புக்கு மேல் ஒரு சாண் நிற்கும்படி அறுத்துவிட்டேன். மறுநாள் கொடியேற்றம் முடிந்ததும் துவைக்கும் அம்மாள் என்னிடம் வந்தார். தண்ணீர் உயரத்திலிருந்து விழுவதால் சேலையெல்லாம் தெறிக்கிறது, பழையபடி நீளக் குழல் வாங்கிக் கொடுங்கள், ஐயா என்று கேட்டார். அவரைத் தொட்டியருகே அழைத்துப்போய், குழல் ஏன் நீரைத் தொடக்கூடாது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, குழாய்க்கு நேர் கீழே சாய்வாக ஒரு பலகைக் கல்லைத் தொட்டிக்குள் நிறுத்திக்கொண்டார். நீர் கல்லின்மேல் விழுந்து சத்தமின்றி வழிந்தது. தெறிப்பும் நின்றது, இடைவெளியும் நின்றது. அந்த ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.