வாசலில் ஒரு பிச்சிக்கொடி

"கொடி நல்லா ஓடுது, பூதான் இல்லை" என்று தாய்மார் பலர் எம்மிடம் சொல்வதுண்டு. பிச்சி புதுத்தளிரில்தான் பூக்கும். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வருடம் ஒரு தடவை கொடியை வெட்டி, மாட்டெரு போடுங்கள். வெயில் படும் பக்கம் கம்பு நட்டுப் பந்தல் கட்டுங்கள். லயத்துக் கூரையில் ஏறவிட்டால் இலைக்குப்பை சேர்ந்து தகரம் கறள் பிடிக்கும். தண்டை வளைத்து மண்ணில் பதியம் வைத்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கன்று கிடைக்கும்.

ஒன்றை மறவாதீர்கள். பூச்சி விழுந்தால் மலைக்கு அடித்து மிஞ்சிய மருந்தைக் கொண்டுவந்து அடிக்க வேண்டாம். அது நஞ்சு. அந்தப் பூ நம் பிள்ளையின் தலையில் ஏறுவது. அசுவினிக்குச் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தாலே போதும்.