குவாட் நண்பர்கள் நாலு பேர், பட்டியலில் இந்தியா இல்லை

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் சாமி கும்பிட்டு வெளியே வந்தால் பேச்சு எப்படியும் அரசியலுக்குப் போய்விடும். வீட்டுக் கடன் வட்டி, பிள்ளைகளின் செலக்டிவ் ஸ்கூல் தேர்வு, அப்புறம் டிரம்ப், மோடி. "இனிமே இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அண்ணன் தம்பி மாதிரிதான்" என்று யாராவது சொல்வார்கள். 2023 மே 23 அன்று ஒலிம்பிக் பார்க் அரங்கில் மோடியும் ஆல்பனீசியும் சேர்ந்து மேடையேறியதைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

நான் ஐ.டி.காரன். எங்கள் வேலையில் யாருக்கு எந்த ஃபைலைத் திறக்க அனுமதி என்று அடுக்கடுக்காகப் பிரித்து வைப்போம். நாடுகளின் நட்பும் அப்படித்தான் என்பது என் கட்சி. அதில் நாம் எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று கொஞ்சம் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவுக்கு அமெரிக்காவோடு இருக்கும் பழைய உறவு 1951-ல் கையெழுத்தான அன்சஸ் ஒப்பந்தம். ஆபத்து வந்தால் கலந்து பேசுவோம், அவரவர் அரசியல் சட்டப்படி செயல்படுவோம் என்பதுதான் அதன் சாரம். இதுவரை ஒரே ஒருமுறைதான் அதைக் கையில் எடுத்தார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்கு உதவ.

இரண்டாவது, 2021 செப்டம்பரில் பிரிட்டனையும் சேர்த்து அறிவித்த ஆக்கஸ். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களோடு, ரகசியத் தொழில்நுட்பத்தையும் மூவரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது.

மூன்றாவது குவாட். அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, இந்தியா. இதன் விதை நம்ம கடற்கரையையும் தொட்டது. 2004 டிசம்பர் சுனாமி நாகப்பட்டினத்தையும் முல்லைத்தீவையும் வாரிக்கொண்டு போனபோது, நிவாரணப் பணிக்காக இந்த நான்கு நாடுகளும் கைகோத்தன. ஆனால் குவாட்டுக்கு ஒப்பந்தம் கிடையாது. ஒருவருக்காக இன்னொருவர் சண்டைக்கு வரவேண்டிய கடமையும் கிடையாது.

இந்த வித்தியாசம் வெளியுறவு அமைச்சகங்களோடு நிற்பதில்லை, ஆபீஸ் வரைக்கும் வருகிறது. ஆக்கஸுக்காக ஆஸ்திரேலியா தன் பாதுகாப்பு ஏற்றுமதிச் சட்டத்தை 2024-ல் திருத்தியது. செப்டம்பர் 1-ல் அது நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் தொழில்நுட்பத்தை ஆஸ்திரேலியாவுக்கு உள்ளேயே ஒரு வெளிநாட்டவரிடம் அனுமதி இல்லாமல் கொடுத்தால் குற்றம். 2025 மார்ச் முதல் தண்டனையும் உண்டு. குடியுரிமை, பி.ஆர். உள்ளவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் பிரஜைகளுக்கும் விலக்கு. அதற்கு மேல் 25 நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது, அந்த நாட்டுக்காரர்களுக்கும் விலக்கு. ஜப்பான் இருக்கிறது, தென்கொரியா இருக்கிறது, எஸ்டோனியாகூட இருக்கிறது. இந்தியா இல்லை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எதுவும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் கிளம்பி வந்த நாடு ஒன்றுகூட அதில் இல்லை. குவாட் நண்பர்கள் நாலு பேரில் வெளியே நிற்பது இந்தியா மட்டும்தான்.

என் கல்லூரி ஜூனியர் ஒருவன், கோயம்புத்தூர்ப் பையன், வேலை விசாவில் இருக்கிறான். நெட்வொர்க்கில் கெட்டிக்காரன். பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்ட ஒரு புராஜெக்ட்டில் அவனைச் சேர்க்க மேனேஜருக்கு ஆசைதான். "விசா என்னன்னு கேட்டாங்கண்ணா, அதுக்கப்புறம் பேச்சே இல்லை" என்றான். அவன் பக்கத்து மேசையில், அதே விசாவில், ஜப்பான் பாஸ்போர்ட்டோடு ஒருவர் இருந்தால் இந்தச் சட்டம் அவரைத் தடுக்காது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 2023 மே மாதம் இரு நாடுகளும் குடியேற்ற ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அதன்படி வந்த மேட்ஸ் திட்டத்தில் வருடத்துக்கு 3,000 இந்திய இளைஞர்கள் இங்கே வந்து தற்காலிகமாக வேலை செய்யலாம். எந்தெந்தத் துறையில்? பொறியியல், ஐ.டி., செயற்கை நுண்ணறிவு எல்லாம் பட்டியலில் உண்டு. அதாவது திறமைக்கு வாசல் திறக்கிறார்கள், உள்ளே வந்தபின் சில அறைகளைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியாவே ராணுவக் கூட்டணி எதிலும் கையெழுத்துப் போட விரும்புவதில்லை. அமெரிக்கா முகம் சுளித்தபோதும் ரஷ்யாவிடம் எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கியது. யாருக்கும் கட்டுப்படாத அந்தச் சுதந்திரம் நல்லதுதான். ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதில் ஒரு பங்கை இங்கே வேலை விசாவில் இருக்கும் பையன் கட்டுகிறான்.

சரி, கூட்டணிக்குள்ளேயே இருப்பவருக்கு நிம்மதியா? அதுவும் இல்லை. ஆக்கஸுக்காக ஆஸ்திரேலியா பிரான்சோடு போட்டிருந்த நீர்மூழ்கி ஒப்பந்தத்தை முறித்தது. கோபத்தில் பிரான்ஸ் தன் தூதர்களைத் திரும்ப அழைத்தது. கடைசியில் அந்த பிரெஞ்சு நிறுவனத்துக்கு 55.5 கோடி யூரோ நஷ்டஈடு. புதிய கப்பல்களுக்கு 2050-களின் நடுப்பகுதி வரை 36,800 கோடி டாலர் வரை செலவாகும் என்பது 2023-ல் அரசு சொன்ன கணக்கு. இத்தனைக்கும் பிறகு, தன் கடற்படையின் பலம் குறையாது என்று அமெரிக்க அதிபர் சான்று கொடுத்தால்தான் முதல் கப்பல்களே கைமாறும். 2025 ஜூனில் பென்டகன் இந்தத் திட்டத்தையே மறுபரிசீலனைக்கு எடுத்தது. அக்டோபரில் டிரம்ப் தலையாட்டிய பிறகுதான் கான்பெராவுக்கு மூச்சு வந்தது. அதே வருடம் ஒப்பந்தக் கூட்டாளியான ஆஸ்திரேலியாவுக்கு 10 சதவீத வரி, 'நெருங்கிய நண்பன்' இந்தியாவுக்கு ஆகஸ்டில் 50 சதவீதம். பெரிய நாட்டோடு வைத்துக்கொள்ளும் உறவில் விலையை அவர்கள்தான் சொல்கிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்? வேலை விசாவில் இருப்பவர்கள் புராஜெக்ட்டில் சேர்வதற்கு முன்பே அது கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருமா என்று கம்பெனியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பி.ஆர். உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ரகசிய அனுமதி வேண்டிய பாதுகாப்பு வேலைகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தால் ஊருக்குப் போய்வரலாம், ஓட்டுப் போட முடியாது. அவசரப்படாமல் குடும்பத்தோடு பேசி எடுக்கவேண்டிய முடிவு அது.

குடியுரிமை வாங்கியவர்களுக்கும் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இன்னொரு வேலை இருக்கிறது. நம் தொகுதிகளில் ஓட்டுக் கேட்டு வருபவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாலை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். மகிழ்ச்சி. அடுத்தமுறை படம் எடுத்து முடித்ததும் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த 25 நாடுகள் பட்டியலில் இந்தியாவைச் சேர்ப்பது பற்றி உங்கள் கட்சியின் நிலை என்ன?