எண்பது ரூபாய்க் கடனும் ஏழு பெண்களும்

சிறு தொழில்கள் நொடித்துப்போவதற்குக் காரணம் கேட்டால், மூலதனம் போதவில்லை, பாங்குக்காரர் கடன் தரவில்லை, போட்டி தாங்கவில்லை என்று அடுக்கிச் சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆயினும், தாமே கல்லாவில் உட்கார்ந்து, தாமே சரக்குப் பிடித்து, தாமே கணக்கெழுதி, இடையிடையே ஆட்களையும் அதட்டிக்கொண்டு, எந்தக் காரியத்தை முதலில் கவனிக்க வேண்டும் என்பதையே சாயங்காலத்துக்குள் மறந்துவிடுகிற முதலாளிகளும் எல்லா ஊரிலும் இருக்கவே செய்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள், பம்பாயில் அப்பளம் இட்டு விற்கத் தொடங்கிய ஏழு பெண்களின் விருத்தாந்தத்தை அறிந்துகொள்வது நலம்.

1959-ஆம் வருஷம் மார்ச் 15-ஆம் தேதி, கிர்காம் பகுதியில் நடுத்தரக் குடும்பங்கள் நெருங்கி வசித்த ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில், ஜஸ்வந்திபென் ஜம்நாதாஸ் போபட் என்ற குஜராத்திப் பெண்மணியும் அவருடைய அண்டை வீட்டார் அறுவரும் கூடி உட்கார்ந்து அப்பளம் இட்டார்கள். அன்று தேறியது நான்கே கட்டு. போட்ட முதல் 80 ரூபாய். அதுவும் சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூக சேவகரிடம் வாங்கிய கடன். அதிகப் படிப்போ வியாபார அனுபவமோ அவர்களுக்கு இல்லை. வீட்டு வேலை போக மிஞ்சிய பகற்பொழுதும், சிறு வயதிலிருந்தே பழகிய கையும்தான் இருந்தன. லிஜ்ஜத் அப்பளம் என்று இன்று கடைகளில் நாம் கேட்டு வாங்குவது இந்த மாடியில் பிறந்த சரக்குத்தான்; அந்தப் பெயர்கூடப் பின்னால் வந்ததே.

நஷ்டமே நேர்ந்தாலும் யாரிடமும் நன்கொடை என்று கை நீட்டுவதில்லை என்று ஆரம்பத்திலேயே அவர்கள் தீர்மானித்துக்கொண்டார்கள். ஏழைப் பெண்களின் முயற்சி என்று சொல்லிப் பட்டியல் நீட்டினால் பம்பாய் வர்த்தகர்களிடம் பணம் பெயர்ந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தர்மப் பணத்தில் நடக்கும் காரியத்துக்குச் சரக்கின் தரத்தைப் பற்றியோ கணக்கைப் பற்றியோ கவலைப்பட வேண்டிய அவசியம் நாளடைவில் குறைந்துபோகும் என்பதை நாம் பல சங்கங்களில் கண்ணாரக் கண்டிருக்கிறோமே!

தொடக்கத்தில் அவர்கள் இரண்டு ரகமாக அப்பளம் செய்தார்கள். ஒன்று மலிவு ரகம். கடன் கொடுத்த பாரேக், சகன்பாபா என்று எல்லோரும் மரியாதையாக அழைத்த அந்தப் பெரியவர், ஒரே ரகம், அதுவும் உயர்ந்த ரகமே போதும் என்றும், இதைச் சேவையாகக் கருதாமல் வியாபாரமாகவே கருதி ஒழுங்காகக் கணக்கு வைக்க வேண்டும் என்றும் புத்தி சொன்னார். மலிவுச் சரக்கைக் கைவிடுவது எந்த வியாபாரிக்கும் மனம் வராத காரியம். வாசலுக்கு வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்புவதுபோல் தோன்றும். அவர்கள் கைவிட்டார்கள். ஒரு கூட்டத்தை ஒற்றுமையாக நடத்துவதற்கு இதைவிட உபயோகமான தீர்மானம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், செய்ய வேண்டியது ஒன்றே என்று ஆகிவிட்டால், எது நல்லது, எது போதும் என்ற தர்க்கத்துக்கே பிறகு இடமிராது.

முதல் வருஷம் மழைக்காலம் வந்ததும் அப்பளம் காயவில்லை; நான்கு மாத காலம் தொழிலையே நிறுத்த வேண்டியதாயிற்று. மறுவருஷம் ஒரு கட்டிலையும் ஒரு ஸ்டவ்வையும் வாங்கி, கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் ஸ்டவ்வை எரியவிட்டு உலர்த்தினார்கள். பெரிய இயந்திரத்துக்குக் கடன் தேடி அலையவில்லை என்பதே இதில் விசேஷம். அந்த முதல் வருஷத்து விற்பனை 6,196 ரூபாய்.

தொழில் பெருகிய பிறகு வேலை நடக்கும் முறையை நோக்கினால், கூட்டுறவு என்பது வாய்ப்பேச்சால் உண்டாவதல்ல, ஏற்பாட்டால் உண்டாவது என்பது விளங்கும். விடியற்காலையிலேயே வண்டி வந்து பெண்களை அவரவர் பேட்டையிலிருந்து கிளைக்கு அழைத்துச் செல்லும். முந்திய நாள் வீட்டில் இட்டு உலர்த்திய அப்பளத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குரிய கூலியைப் பெற்றுக்கொண்டு, பிசைந்து தயாராக வைத்திருக்கும் மாவை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மாவு ஓரிடத்திலேயே பிசையப்படுவதால் ருசி மாறுவதில்லை. வீட்டின் சுத்தத்தை வந்து பார்ப்பவர்களும் உண்டு. தேறாத அப்பளம் கழிக்கப்படும். கூலி அன்றன்றே கைக்கு வந்துவிடுவதால் பாக்கி என்ற பேச்சும், அதிலிருந்து முளைக்கும் மனஸ்தாபமும் இல்லை.

அப்பளம் இடுபவர்களே உடைமைக்காரர்கள். லாபமானாலும் நஷ்டமானாலும் பங்கு அவர்களுடையதே. கிளையை நடத்தும் சஞ்சாலிகாவும் அவர்களுள் ஒருவரே. கணக்கை எந்த அங்கத்தினரும் கேட்டுப் பார்க்கலாம். கணக்கெழுதவும் வண்டி ஓட்டவும் ஆண்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சம்பளக்காரர்கள்தாம். முக்கியமான தீர்மானங்கள் ஏகமனதாகவே நிறைவேற வேண்டும். ஒருவர் ஆட்சேபித்தாலும் நிற்கும். இந்த விதி காரியத்தைத் தாமதப்படுத்தும் என்று சொல்வோரின் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், மாவு பிசைவதிலோ கூலி விகிதத்திலோ ஒரு தவறு நேரப்போகிறதென்றால், அதை முதலில் உணர்வது அப்பளப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளின் கைதான். அவள் வாயை அடைத்துவிட்டுச் சம்பாதிக்கும் வேகத்தால் யாருக்கு என்ன லாபம்?

எல்லாம் ஜயமாகவே முடிந்துவிடவில்லை. 1961-இல் பம்பாய்ப் புறநகரான மலாடில் கிளை தொடங்கும் முயற்சி தோற்றது. தவிர, நாள்தோறும் குனிந்து அப்பளம் இடுவது உடம்பை வருத்தும் வேலை. அதை ஒரு தவம்போல் வர்ணித்து எழுதுவோரோடு எனக்குச் சம்மதமில்லை. அது பிழைப்பு, கௌரவமான பிழைப்பு, அவ்வளவுதான்.

மாடியில் எழுவராக உட்கார்ந்த ஸ்தாபனத்தில் இப்போது நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். ஜஸ்வந்திபென்னுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இரண்டு பேரையோ பத்துப் பேரையோ வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் வாசகர்கள், அடுத்த கடனுக்கு மனு எழுதுவதற்கு முன், தம்முடைய கணக்குப் புத்தகத்தை ஒரு நாள் தம் ஆட்களுக்கு முன்னால் விரித்து வைத்துப் பார்க்கட்டும்.