செம்மண் சாலைக்கு ஏற்ற சக்கர நாற்காலி

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஏதாவது ஒரு தோட்டத்தில் நீங்கள் வளர்ந்திருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதாக இருக்காது. லயத்து வீட்டு வாசலில் ஒரு சக்கர நாற்காலி. அதில் ஒரு பெரியவர். காலையில் வீட்டார் அவரைத் தூக்கி வந்து உட்கார வைப்பார்கள். மாலையில் தூக்கி உள்ளே கொண்டு போவார்கள். நாற்காலிக்குச் சக்கரம் இருந்தும் அது நகர்வதில்லை. வாசற்படிக்குக் கீழே கால்வாய், அதற்கு அப்பால் செம்மண் சாலை, அதில் நேற்றைய மழையில் லோரி போன தடம். கோவில் முந்நூறு மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் யாராவது வந்து தள்ளினால்தான் அவருக்குக் கோவில்.

இன்று 'அறிவார்ந்த சக்கர நாற்காலி' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. தானே வழி கண்டுபிடித்துப் போகும் நாற்காலி, தலையசைவில் திரும்பும் நாற்காலி, சுவரைக் கண்டால் தானே நிற்கும் நாற்காலி என்றெல்லாம் படிக்கிறோம். இவை அனைத்தும் உண்மையே. ஆனால் புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ உள்ள ஒரு தோட்டத்து வாசலில் இவற்றைக் கொண்டு வந்து வைத்தால் எவ்வளவு தூரம் ஓடும்? ஒரு நாற்காலியின் அறிவு எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

யாருக்குத் தேவை?

உலகில் ஏறக்குறைய 8 கோடி பேருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் 5 முதல் 35 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கிடைக்கிறது.

இது எங்கோ தொலைவில் உள்ளவர்களின் கணக்கு என்று எண்ண வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் உண்டு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நீரிழிவு முற்றினால் ஆறாத கால் புண்ணும், அதனால் காலை இழப்பதும் நேரலாம். பக்கவாதத்தின் ஆபத்தும் அதிகம். இவற்றோடு மோட்டார் சைக்கிள் விபத்து, வேலையிடத்து விபத்து, பிறவிக் குறைபாடு, முதுமை ஆகியவற்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இன்று உங்கள் வீட்டில் சக்கர நாற்காலி இல்லாமல் இருக்கலாம். நாளைக்கும் அது தேவைப்படாது என்று யாரும் உறுதி கூற முடியாது.

மருத்துவமனைத் தரைக்குப் பிறந்த நாற்காலி

நாம் சாதாரணமாகப் பார்க்கும் மடக்கு நாற்காலிக்கு வயது ஏறக்குறைய 90. சுரங்க விபத்தில் நடக்கும் ஆற்றலை இழந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரும், அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் 1930-களில் இதை உருவாக்கினார்கள். காருக்குள் மடக்கி வைக்க வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். அந்த நோக்கத்திற்கு அது அருமையான கண்டுபிடிப்பு. பின்புறம் இரண்டு பெரிய சக்கரங்கள், முன்புறம் எந்தப் பக்கமும் திரும்பும் இரண்டு சிறிய சக்கரங்கள். வழுவழுப்பான தரையில் அது நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும்.

அந்தச் சிறிய முன்சக்கரம்தான் தோட்டத்துப் பாதையில் எதிரியாகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதையில் 5 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கல் பதிந்து கிடக்கிறது. சக்கரத்தின் விட்டம் 12.5 சென்டிமீட்டர் என்றால், அதை அந்தக் கல்மேல் ஏற்ற, சக்கரத்தின்மீது இறங்கும் எடையைப் போல் ஏறக்குறைய 5 மடங்கு விசையுடன் தள்ள வேண்டும். விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் 1.7 மடங்கு போதும். 30 சென்டிமீட்டர் என்றால் 1.1 மடங்குதான். கல் அதே கல், ஆள் அதே ஆள். சக்கரம் மட்டுமே வேறு.

ஒரு முன்சக்கரத்தின் மேல் 20 கிலோ எடை இறங்குகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 12.5 சென்டிமீட்டர் சக்கரத்துக்கு ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமமான உந்துதல் தேவை. அதை எந்தக் கையும் தராது. வேகமாக வந்து மோதினால் சக்கரம் நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். இதனால்தான் தள்ளுகிறவர்கள் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்துப் போவதைப் பார்க்கிறோம். படிக்காத பாட்டிகூட இந்த இயற்பியலைக் கையால் தெரிந்து வைத்திருக்கிறார்.

இரண்டாவது சிக்கல் இளகிய மண். குறுகிய சக்கரத்தில் எடை முழுவதும் ஒரு சிறு பரப்பில் இறங்குவதால் அது மண்ணைக் கீறிக்கொண்டு புதைகிறது. இந்தப் பாடம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. மலாயாவில் வணிக நோக்கோடு செம்பனை முதன்முதலில் 1917-இல் பயிரிடப்பட்டது இதே வட்டாரத்தில், தெனமாரம் தோட்டத்தில்தான். அன்றிலிருந்து செம்பனைக் குலையை வெளியே கொண்டு வருவதற்குக் கை வண்டி, டிராக்டர், சேற்றில் புதையாத அகன்ற டயர் பொருத்திய சிறு இயந்திர வண்டி என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பழக்குலைக்கு மண்ணைப் பார்த்து வண்டி செய்தோம். மனிதருக்கோ மருத்துவமனைத் தரைக்குச் செய்த வண்டியைக் கொடுத்துவிட்டோம்.

சென்னையில் தொடங்கிய மாற்றம்

இந்தக் குறையை நேராகப் பார்த்தவர்களில் ஒரு குழு சென்னையில் இருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி, கருவி உருவாக்க மையம் அது. 2019 நவம்பரில் இந்த மையம் 'அரைஸ்' என்ற நிற்கும் நாற்காலியை வெளியிட்டது. உட்கார்ந்திருப்பவர் வேறு யாருடைய உதவியும் இல்லாமல், மின்சாரமும் இல்லாமல், தாமே நிற்கும் நிலைக்கு வரலாம். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்தால் இரத்த ஓட்டம் குறையும், எலும்பு வலுவிழக்கும், படுக்கைப் புண் வரும். நிற்பது இவற்றைக் குறைக்க உதவுகிறது. எதிரில் நிற்பவரின் கண்ணை நேராகப் பார்த்துப் பேசவும் முடிகிறது. அதன் விலை ஏறக்குறைய 15,000 இந்திய ரூபாயாக அறிவிக்கப்பட்டது.

அந்த மையத்திலிருந்து பிறந்த நியோமோஷன் நிறுவனம் 2021-இல் இரண்டு பொருள்களை அறிமுகப்படுத்தியது. முதலாவது 'நியோஃபிளை'. இது ஒவ்வொருவரின் உடல் அளவுக்கும் ஏற்ப, தையற்காரர் சட்டை தைப்பதுபோலச் செய்து தரப்படும் நாற்காலி. இரண்டாவது 'நியோபோல்ட்'. இது மோட்டாரும் கைப்பிடியும் பெரிய முன்சக்கரமும் கொண்ட ஒரு தனிப் பகுதி. வீட்டுக்குள் சாதாரண நாற்காலியாக இருப்பதன் முன்னால் இதைப் பொருத்தினால், சிறிய முன்சக்கரங்கள் தரையை விட்டு மேலே எழும்பிவிடும். நாற்காலி மூன்று சக்கர வண்டியாக மாறிவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வேகம், ஒருமுறை மின்னேற்றினால் 25 கிலோமீட்டர் வரை பயணம்.

நாம் மேலே போட்ட கணக்கு இங்கே நினைவுக்கு வருகிறதா? எந்தக் கணினியும் இல்லாமல், சிறிய சக்கரத்தை விலக்கிப் பெரிய சக்கரத்தை முன்னால் வைத்ததுதான் பாதிக் காரியத்தை முடித்திருக்கிறது.

இதே எண்ணத்தை வேறு வழியில் அடைந்தவர் அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த ஏமஸ் விண்டர். அவருடைய குழு வடிவமைத்த நாற்காலியில் மோட்டார் இல்லை. இரு பக்கமும் நெம்புகோல்கள், சைக்கிள் சங்கிலி, முன்னால் தள்ளி வைத்த மூன்றாவது சக்கரம். நெம்புகோலின் மேல்பகுதியைப் பிடித்துத் தள்ளினால் விசை கூடும், மேட்டில் ஏறலாம். கீழ்ப்பகுதியைப் பிடித்துத் தள்ளினால் வேகம் கூடும், சமதரையில் விரைந்து போகலாம். கையை மேலும் கீழும் நகர்த்துவதுதான் கியர். உடைந்தால் சைக்கிள் கடையில் பழுது பார்க்கலாம் என்பது இன்னும் பெரிய அறிவு.

கணினி எங்கே உதவும்?

அப்படியானால் உணர்கருவிகளும் கணினியும் தேவையே இல்லையா? தேவைதான். கை நடுக்கம் உள்ளவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை மட்டும் இயங்குபவர்கள், பெருமூளை வாதத்தோடு பிறந்த பிள்ளைகள் ஆகியோர் மின் நாற்காலியின் கட்டைவிரல் அளவுள்ள கைப்பிடியைக்கூடச் சீராக நகர்த்த முடியாமல் தவிக்கிறார்கள். அவர்களுக்காகவே 'பகிர்ந்த கட்டுப்பாடு' என்ற முறை உருவானது. எங்கே போக வேண்டும் என்பதை மனிதர் முடிவு செய்வார். கதவு நிலையில் இடிக்காமல், கை நடுக்கத்தை வடிகட்டி, நேராகப் போவதை நாற்காலி பார்த்துக் கொள்ளும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான 'நேவ்செயர்' இதற்கு முன்னோடி. வௌவாலைப் போல மீயொலி அலைகளை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு தடைகளை அது அறிந்தது.

நம் அண்டை நாடான சிங்கப்பூரில் சாங்கி பொது மருத்துவமனைக்குள் தானியங்கி நாற்காலி 2016-இல் சோதிக்கப்பட்டது. தோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் 2020 முதல் தானியங்கி நாற்காலிகள் பயணிகளைக் கொண்டு செல்கின்றன. இரண்டு இடங்களும் எப்படிப்பட்டவை என்று கவனியுங்கள். சமமான தரை, கூரை, நல்ல வெளிச்சம், மாறாத வரைபடம்.

தோட்டத்துப் பாதையில் இதே கருவிக்கு வேறு சோதனைகள் காத்திருக்கின்றன. சுவரும் மரமும் எதிரே நிற்கும் பொருள்கள். அலை பட்டுத் திரும்பி வரும், கருவி கண்டுகொள்ளும். கால்வாய் அப்படியல்ல. அது அங்கே இல்லாத ஒரு பொருள், வெறும் பள்ளம். எதிரொலி வரவில்லை என்றால் பாதை காலியாக இருக்கிறது என்று கருவி நினைத்துக் கொள்ளலாம். இதனால்தான் பள்ளத்தையும் இறங்கும் படியையும் கண்டறிவது ஆராய்ச்சியாளர்களுக்கு இன்னும் கடினமான வேலையாக இருக்கிறது. தரையை நோக்கிச் சாய்த்த தனி உணர்கருவி வேண்டும். அதன் கண்ணில் சேறு தெறிக்கக் கூடாது. புல் மூடிய பள்ளத்தையும் அது இனம் காண வேண்டும். இங்கே சோதித்துப் பார்க்காத நாற்காலியை இங்கே நம்ப முடியாது.

வாங்கும் முன் கேளுங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி, சக்கர நாற்காலி வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரித்தது. பரிந்துரை, அளவெடுத்தல், தேர்வு, நிதி, தயாரித்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்சி, பராமரிப்பு. நன்கொடை விழாவில் நாற்காலியைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பது இந்த எட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவே நீங்கள் உறவினருக்கு வாங்கினாலும், சங்கத்தின் சார்பில் வழங்கினாலும், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

இருக்கையின் அகலம் இவருடைய இடுப்புக்குச் சரியாக இருக்கிறதா? அகலம் கூடினால் முதுகு ஒரு பக்கம் சாயும். குறைந்தால் தோல் உரசும். காலில் உணர்ச்சி இல்லாதவர் என்றால் வெறும் துணி இருக்கை போதாது, அழுத்தம் குறைக்கும் மெத்தை வேண்டும். முன்சக்கரத்தின் விட்டம் எவ்வளவு? டயர் அகலமானதா? பழுதானால் உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்? மின் நாற்காலி என்றால் மொத்த எடை எவ்வளவு, பாதி வழியில் மின்கலம் தீர்ந்தால் யார் தூக்குவது?

வாசற்படியையும் அளந்து பாருங்கள். 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். 1-க்கு 12 என்பது பரவலாகப் பின்பற்றப்படும் சரிவு. அந்தச் சரிவில்கூட, ஆளும் நாற்காலியும் சேர்ந்து 100 கிலோ என்றால், ஏறக்குறைய 8 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தொடர்ந்து தள்ள வேண்டும். ஒரு பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைப்பது உதவியல்ல, ஆபத்து.

நிதிக்கும் வழி உண்டு. சமூக நல இலாகாவில் மாற்றுத் திறனாளியாகப் பதிந்து அட்டை பெற்றவர்கள் துணைக் கருவிக்கான உதவிக்கு விண்ணப்பிக்கலாம். சொக்சோவில் சந்தா செலுத்தியவர் நிரந்தர உடற்குறை அடைந்தால், அதன் மறுவாழ்வுத் திட்டத்தின் கீழ் நாற்காலிக்கும் பயிற்சிக்கும் கேட்கலாம். பொது இடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் பயன்படுத்துவது மாற்றுத் திறனாளிகளின் உரிமை என்று 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் கூறுகிறது. உதவியைக் கேட்பது யாசகம் அல்ல.

வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரிடம் மீண்டும் வருவோம். அவருக்குப் பேசும் நாற்காலியோ செயற்கைக் கோள் பார்த்துப் போகும் நாற்காலியோ இப்போது அவசரமில்லை. உடலுக்குப் பொருந்தும் இருக்கை, கல்லில் ஏறும் முன்சக்கரம், மண்ணில் புதையாத டயர், கால்வாய்க்கு மேல் உறுதியான ஒரு பலகைப் பாலம், சரியான சரிவு. இவற்றைச் செய்த பிறகு கணினியையும் சேர்ப்போம், நல்லதே.

இந்த வாரம் ஓய்வாக இருக்கும்போது ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்திலோ தாமானிலோ அப்படிப்பட்ட ஒருவர் வீட்டுக்குப் போங்கள். நாற்காலியை அளப்பதற்கு முன், "ஐயா, எங்கே போக ஆசை?" என்று அவரிடம் கேளுங்கள். எந்த நல்ல வடிவமைப்பும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.