அண்ணாவியாரின் மெட்டு, உங்கள் வயலினில்



முல்லைத்தீவின் கோவலன் கூத்து, வன்னிக் கிராமங்களில் ஆடப்படும் காத்தவராயன் கூத்து ஆகியவற்றின் மெட்டுகள் காதுவழியே வாழ்ந்து வருபவை. கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் ஒரு வரியைப் பாடுவார். பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார். அதுவே பாடம்.

ஓரிடத்து மெட்டை இன்னொரு கருவியில் பழகுவது நமக்குப் புதிதல்ல. 1786இல் பிறந்த கர்நாடக இசைக்கலைஞர் பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுசுர சாகித்தியங்கள் என்ற பெயரில் அவை இன்றும் வீணையிலும் வயலினிலும் ஒலிக்கின்றன.

வயலின், புல்லாங்குழல், கீபோர்ட் பழகும் பிள்ளைகளே, உங்கள் ஊர் அண்ணாவியாரிடம் ஒரு கூத்து மெட்டைக் கேளுங்கள். முதலில் வாயால் பாடிப் பழகுங்கள். பிறகு கருவியில் வாசியுங்கள். பழகியதை இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.